வாயில்லா ஜீவனின் அச்சம் தீர்ப்போம்!

 

 

தொழுகை, நோன்பு, ஜகாத் பற்றிய மஸ்அலாக்களைக் கேட்க வருவோர் இடையிடையே வேறு சில கேள்விகளையும் கேட்பதுண்டு. அவற்றுள் ஒன்று இது: "ஹஜ்ரத்! பிள்ளைகள் ஆசைப்பட்டார்கள் என்று ஒரு பூனையை வாங்கி வந்தோம். வந்த நாளிலிருந்து கட்டிலுக்கு அடியிலேயே கிடக்கிறது. கூப்பிட்டால் வருவதில்லை, வைத்த சோற்றை நம் கண்முன் தொடுவதுமில்லை. இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கொண்டுபோய் விட்டுவிடலாமா?"

"விட்டுவிடுவது" என்றால் என்னவென்று நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஒரு சாக்கில் போட்டு, வண்டியில் வைத்து, உக்கடம் மீன் மார்க்கெட் அருகிலோ, ஊருக்கு வெளியே ஏதேனும் ஒரு சந்தைத் திடலிலோ அவிழ்த்து விட்டுத் திரும்பிப் பாராமல் வருவதற்குத்தான் அந்தப் பெயர். "அங்கே மீன் கிடைக்கும், பிழைத்துக்கொள்ளும்" என்று மனதுக்கு ஒரு சமாதானமும் சொல்லிக்கொள்வார்கள். மிரண்டு போன பூனை, புதிய இடத்தில், நாய்களுக்கும் லாரிகளுக்கும் நடுவே எத்தனை நாள் பிழைக்கும் என்பதை யாரும் நின்று பார்ப்பதில்லை.

ஆகவே இந்தக் கேள்வியைச் சிறிய விஷயம் என்று தள்ளிவிடாமல், மார்க்கம் என்ன சொல்கிறது, பூனையின் இயல்பு என்ன, அதன் அச்சத்தைத் தீர்க்க ஒரு குடும்பம் செய்ய வேண்டியது என்ன என்பதை விரிவாகப் பார்ப்போம்.

அடைத்து வைத்தவர் மீது கடமை

புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் பதிவான ஒரு செய்தியை நாமெல்லாம் மிம்பரில் கேட்டிருக்கிறோம். ஒரு பெண் பூனையொன்றைக் கட்டி வைத்தாள், அவளும் உணவு கொடுக்கவில்லை, தானாக இரை தேடிக்கொள்ள அதை அவிழ்த்து விடவும் இல்லை, பூனை செத்தது, அதன் காரணமாக அவள் நரகம் புகுந்தாள் என்று நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்தார்கள். கிரகணத் தொழுகையின்போது நரகம் தமக்குக் காட்டப்பட்டதாகவும், அங்கே அந்தப் பெண்ணைப் பூனை பிறாண்டிக்கொண்டிருந்ததாகவும் அஸ்மா பின்த் அபீபக்ர் (ரலி) அவர்களின் அறிவிப்பில் வருகிறது.

இந்தச் செய்தியில் ஊன்றிக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வெளியில் திரியும் ஒரு பூனைக்கு நாம் சோறிடாமல் போவது வேறு. ஒரு பூனையை நம் சுவர்களுக்குள் கொண்டுவந்து, அதன் இரை தேடும் வழியை அடைத்துவிட்ட பின் அதன் தேவையைக் கவனியாமல் இருப்பது வேறு. கதவைச் சாத்திய அந்தக் கணத்திலிருந்தே அதன் நஃபகா, அதாவது உணவு, நீர், பாதுகாப்பு ஆகியவற்றின் பொறுப்பு நம் மீது வந்துவிடுகிறது. நம் நாட்டுச் சட்டமும் இதையே சொல்கிறது. 1960ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம், பிராணியைத் தம் பொறுப்பில் வைத்திருப்பவர் அதன் நலனைக் காக்கக் கடமைப்பட்டவர் என்கிறது. பசி, தாகத்தால் அது துன்புறும் என்று தெரிந்தும் தக்க காரணமின்றிக் கைவிடுவதைக் குற்றமாகவும் அறிவிக்கிறது.

பூனை நம்மிடம் பழகாமல் இருப்பது அந்தப் பொறுப்பைக் குறைத்துவிடாது. பழகிய பிராணியைவிட அஞ்சிய பிராணிக்கே நம் கருணை அதிகம் தேவை.

ஆதாரமுள்ளதும் ஆதாரமற்றதும்

பூனை என்றவுடன் நம் மக்கள் சில கதைகளைச் சொல்வார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் ‘முஇஸ்ஸா’ என்ற பூனையை வளர்த்தார்கள், அது தம் சட்டைக் கையின் மீது உறங்கியபோது அதை எழுப்ப மனமின்றிக் கையை வெட்டிவிட்டு எழுந்தார்கள் என்ற கதை அவற்றுள் பிரபலமானது. ஹதீஸ் நூல்களில் இதற்கு ஆதாரம் இல்லை. பூனையை நேசிப்பது ஈமானின் ஓர் அங்கம் என்று ஹதீஸாகச் சொல்லப்படும் வாசகமும் இட்டுக்கட்டப்பட்டது என்று ஹதீஸ்கலை அறிஞர்கள் தெளிவுபடுத்தியுள்ளார்கள். நாயகத்தின் மீது பொய் சேராமல் காப்பது நம் கடமை. ஆதாரபூர்வமான செய்திகளே நமக்குப் போதுமானவை.

ஹதீஸ் அறிவிப்பாளர்களில் முதன்மையானவரும் 5374 ஹதீஸ்களை அறிவித்தவருமான தோழர் அபூஹுரைரா (ரலி) என்றே அழைக்கப்படுகிறார். அது அவரின் இயற்பெயரன்று. சிறுவயதில் குடும்பத்தாரின் ஆடுகளை மேய்த்தபோது தம்மிடம் ஒரு பூனைக்குட்டி இருந்தது, இரவில் அதை ஒரு மரத்தில் விட்டுவிட்டுப் பகலில் எடுத்து விளையாடுவேன், அதனால்தான் அந்தப் பெயர் வந்தது என்று அவரே கூறியதாகத் திர்மிதியில் காண்கிறோம். பூனைக்கு உயரமான இடமும் தனிமையும் பிடிக்கும் என்பதை அந்தச் சிறுவர் அறிந்திருந்தார்போலும்.

பூனையை விலைக்கு வாங்கலாமா என்பதும் பலரின் ஐயம். பூனையின் விலையைக் கண்டித்து ஜாபிர் (ரலி) அவர்கள் வழியாக முஸ்லிமில் ஒரு ஹதீஸ் உள்ளது. பெரும்பாலான இமாம்கள், பயனுள்ள வீட்டுப் பூனையை விற்பதும் வாங்குவதும் கூடும் என்றே கருதினர். அந்தத் தடையை ஒழுக்கம் சார்ந்ததாக, பூனையை ஒருவருக்கொருவர் இலவசமாகக் கொடுத்துக்கொள்ள வேண்டும் என்பதற்கானதாக விளக்கினர். ஆகவே ஆயிரக்கணக்கில் செலவிட்டு நீள் மயிர்ப் பூனை வாங்குவதைவிட, தெருவில் தவிக்கும் ஒன்றுக்கோ, காப்பகத்தில் காத்திருக்கும் ஒன்றுக்கோ நம் வீட்டில் இடம் கொடுப்பதே மேலானது. கோவையில் 2006இல் தொடங்கப்பட்ட ஹியூமேன் அனிமல் சொசைட்டி போன்ற பிராணிநல அமைப்புகள் இத்தகைய ஆதரவற்ற பிராணிகளுக்காகவே உழைத்து வருகின்றன.

பிராணிகளுக்கென்றே வக்ஃபு செய்த சமுதாயம் நாம். 13ஆம் நூற்றாண்டில் எகிப்தை ஆண்ட மம்லூக் சுல்தான் ழாஹிர் பைபர்ஸ், கெய்ரோவில் ஆதரவற்ற பூனைகளின் பராமரிப்புக்காக ஒரு தோட்டத்தை வக்ஃபு செய்தார். ஐந்நூறு ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, அந்த நகரில் வாழ்ந்த ஆங்கிலேயர் எட்வர்ட் லேன், காஜியின் நீதிமன்ற முற்றத்தில் அஸர் நேரத்தை ஒட்டிப் பூனைகளுக்கு அன்றாடம் உணவு வழங்கப்படுவதை 1836இல் வெளியான தம் நூலில் பதிவு செய்திருக்கிறார்.

பூனை ஏன் அஞ்சுகிறது?

ஒன்றன் அச்சத்தைப் போக்க வேண்டுமானால் முதலில் அந்த அச்சத்தின் காரணத்தை அறிய வேண்டும். ஆடும் மாடும் கூட்டமாக வாழும் பிராணிகள். தலைமை ஆடு போகும் வழியில் மற்றவை போகும்; ஆகவே அவை மனிதனின் பின்னாலும் எளிதில் வந்துவிடும். பூனையின் மூதாதை அப்படிப்பட்டதன்று. ஆப்பிரிக்காவிலும் மேற்கு ஆசியாவிலும் தனித்து வேட்டையாடித் திரிந்த காட்டுப் பூனையே அது. தானியக் கிடங்குகளுக்கு எலிகள் வந்தன. எலிகளைத் தேடிப் பூனை வந்தது. சைப்ரஸ் தீவில் சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முந்தைய கல்லறை ஒன்றில் மனிதரின் அருகே பூனையும் புதைக்கப்பட்டிருந்ததை 2004இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். இத்தனை நெடிய உறவு இருந்தும் அதன் அடிப்படை இயல்பு மாறவில்லை. தனித்து வாழ்ந்த பிராணிக்குக் கூட்டத்தின் துணை கிடையாது. தான் நன்கறிந்த இடமே அதற்குத் துணை. எந்த மூலையில் ஒளியலாம், எந்த வழியில் தப்பலாம் என்ற அறிவே அதன் கோட்டை. புதிய வீட்டில் அந்தக் கோட்டை இடிந்து விடுகிறது.

அதன் புலன்களையும் எண்ணிப் பாருங்கள். மனிதனின் காது வினாடிக்கு 20,000 அதிர்வுகள் வரையுள்ள ஒலியைக் கேட்கும். பூனையின் காது 60,000க்கும் மேற்பட்ட அதிர்வுகளையும் கேட்கும். நமக்குப் பழகிப்போன குக்கர் விசிலும், மிக்ஸியும், பக்கத்துப் பட்டறையின் கடைசல் இயந்திரமும், சோமனூர், பல்லடம் பக்கமானால் இரவு பகலாய் ஓடும் தறியும் அதற்கு எப்படி ஒலிக்கும்! தன் வாடையைத் தானே முகர்ந்து அது நிம்மதி அடையும். புது வீட்டிலோ எங்கும் அந்நிய வாடை. இந்த நிலையில் அது ஒளிந்துகொள்வதை நன்றிகேடு என்று சொல்வது நியாயமா?

குட்டிப் பருவமும் ஒரு காரணம். பிறந்த இரண்டாம் வாரம் முதல் ஏழாம் வாரம் வரையிலான காலத்தில் மனிதக் கையின் அன்பை அறிந்த குட்டி பிற்காலத்தில் எளிதில் பழகும். அந்த நாட்களில் மனிதரையே காணாமலோ, கல்லெறிபட்டோ வளர்ந்தது மனிதனைக் கண்டு ஓடும். தாயிடமிருந்து மிக விரைவில் பிரிப்பதும் தவறு. ஒரு பறவையின் குஞ்சுகளைத் தோழர்கள் எடுத்துவிட்டபோது அந்தத் தாய்ப் பறவையின் பரிதவிப்பைக் கண்ட நாயகம் (ஸல்) அவர்கள், குஞ்சுகளைத் திருப்பிக் கொடுக்கச் சொன்ன செய்தி அபூதாவூதில் இருக்கிறது. ஆகவே குறைந்தது எட்டு வாரமாவது குட்டி தாயிடம் இருக்கட்டும்.

முதல் நாள்: ஓர் அறை போதும்

பூனையைச் சாக்கில் கட்டிக் கொண்டுவராதீர்கள். மூடியுள்ள கூடை அல்லது காற்றோட்டத் துளைகளிட்ட உறுதியான அட்டைப்பெட்டி நல்லது. அது முன்பு படுத்திருந்த துணி ஒன்றைக் கேட்டு வாங்கி உள்ளே விரியுங்கள். பழைய வாடை அதற்கு ஆறுதல்.

வீட்டுக்கு வந்ததும் நடுக்கூடத்தில் திறந்துவிட்டு உறவினர்கள் எல்லாம் சூழ்ந்து நின்று வேடிக்கை பார்ப்பதுதான் நாம் பெரும்பாலும் செய்யும் பிழை. ஆள் நடமாட்டம் குறைந்த ஓர் அறையைத் தேர்ந்தெடுங்கள். கோட்டைமேடு போன்ற பகுதிகளின் ஒட்டு வீடுகளில் தனி அறை இல்லாவிட்டால், ஓர் அறையின் மூலையைத் திரையிட்டு ஒதுக்கினாலும் போதும். ஜன்னலை மூடுங்கள். கூடையைத் தரையில் வைத்துத் திறந்துவிட்டு நீங்கள் விலகிவிடுங்கள். எப்போது வெளியே வருவது என்பதை அது தீர்மானிக்கட்டும்.

அந்த அறையில் நான்கு பொருள்கள் இருக்க வேண்டும்: ஒளிய ஒரு பெட்டி, உணவு, தண்ணீர், மலஜலம் கழிக்க மணல் தட்டு.

இவற்றில் ஒளியும் பெட்டியைப் பலரும் அலட்சியம் செய்கிறார்கள். "ஒளிய இடம் கொடுத்தால் ஒளிந்துகொண்டேதானே இருக்கும்" என்பது அவர்கள் வாதம். உண்மை நேர்மாறானது. நெதர்லாந்தின் உத்ரெக்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு காப்பகத்திற்குப் புதிதாக வந்த 19 பூனைகளில் ஒரு பகுதிக்கு மட்டும் ஒளியும் பெட்டி கொடுத்துக் கவனித்தார்கள். பெட்டி கிடைத்த பூனைகள் மற்றவற்றைவிட விரைவாக அச்சம் தணிந்து புதிய இடத்திற்குப் பழகின. இந்த ஆய்வு 2014இல் வெளியானது. தப்பிக்க வழி இருக்கிறது என்ற தைரியமே வெளியே வரத் துணிவு தருகிறது. ஆகவே கவிழ்த்த அட்டைப்பெட்டியில் ஒரு வாசல் வெட்டி, பழைய பருத்தித் துணி விரித்து வையுங்கள். பரண் அல்லது அலமாரியின் மேல்தட்டு போன்ற உயர்ந்த இடம் ஒன்றும் இருந்தால் மிக நல்லது. ஒளிந்திருப்பதைக் கையை விட்டு இழுக்கவோ, துடைப்பத்தால் தள்ளவோ வேண்டாம். ஒருமுறை இழுத்தால் ஒரு வாரத்து நம்பிக்கை போய்விடும்.

உணவும் நீரும்

முதல் சில நாட்களுக்கு அது முன்பு எதைத் தின்று பழகியதோ அதையே கொடுங்கள். உணவை மாற்ற விரும்பினால் ஒரு வாரத்தில் சிறிது சிறிதாகக் கலந்து மாற்றுங்கள். பூனை மாமிச உண்ணி; சோறு மட்டும் அதற்குப் போதாது. உப்பு, மசாலா சேர்க்காமல் வேகவைத்து முள் நீக்கிய மத்தி மீனோ, எலும்பு நீக்கிய கோழிக்கறியோ கொடுக்கலாம். எனினும் அன்றாட உணவாக, பூனைக்கென்றே தயாரிக்கப்பட்ட முழுமையான உணவில் சத்துகள் சரியாக இருக்கும்.

நம் வீட்டுச் சாப்பாட்டை அப்படியே இடுவதில் எச்சரிக்கை தேவை. கொங்கு நாட்டு அரிசிம்பருப்புச் சாதம் நமக்கு அமிர்தம். ஆனால் அதிலுள்ள வெங்காயமும் பூண்டும் பூனையின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைப்பவை. பிரியாணியும் கறிக்குழம்பும் அவ்வாறே. சாக்லேட்டும் ஆகாது. பூனைக்குப் பால் வைப்பதைப் புண்ணியம் என்று நினைக்கிறோம். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பசும்பால் செரிக்காமல் வயிற்றுப்போக்கு உண்டாகும். தெளிந்த தண்ணீரே போதும். தண்ணீர்க் கிண்ணத்தை உணவுத் தட்டுக்குச் சற்றுத் தள்ளி வையுங்கள்.

அச்சமுள்ள பூனை பெரும்பாலும் இரவில், வீடு அடங்கிய பின்னரே தின்னும். ஆகவே இரவில் வைத்துவிட்டு, ஃபஜ்ருக்கு எழும்போது தட்டைப் பாருங்கள். குறைந்திருந்தால் கவலை இல்லை. முழுதாக ஒரு நாள் எதையும் தொடவில்லை என்றால் கால்நடை மருத்துவரைக் கேளுங்கள். இரண்டு மூன்று நாள் பட்டினி கிடக்கும் பூனைக்கு, குறிப்பாகப் பருமனான பூனைக்கு, கல்லீரலில் கொழுப்பு தேங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். "பசித்தால் தின்னும்" என்று விட்டுவிடுவது இங்கே பொருந்தாது.

மணல் தட்டு

அகலமான பிளாஸ்டிக் பேசினில் மூன்று அங்குல உயரத்திற்குச் சலித்த மணல் இட்டால் போதும். கடையில் விற்கும் மணலும் உண்டு. உணவுக்கு அருகில் அதை வைக்காதீர்கள். தான் உண்ணும் இடத்தை அசுத்தம் செய்யப் பூனை விரும்பாது. அன்றாடம் அள்ளிச் சுத்தம் செய்யுங்கள். தட்டுக்கு வெளியே கழித்துவிட்டால் மூக்கைப் பிடித்து அதில் தேய்ப்பதும் அடிப்பதும் கொடுமை, பயனும் இல்லை. தட்டு அழுக்காக இருக்கிறதா, சத்தமுள்ள இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு பூனைகள் இருந்தால் மூன்று தட்டுகள் என்பது மருத்துவர்கள் சொல்லும் கணக்கு.

குடும்பத்தார் நடந்துகொள்ளும் முறை

ஆயிஷா (ரலி) அவர்கள் முரண்டு பிடித்த ஓர் ஒட்டகத்தில் ஏறி அதை அதட்டி முன்னும் பின்னும் இழுத்தபோது, நாயகம் (ஸல்) அவர்கள் மென்மையைக் கைக்கொள்ளும்படி உபதேசித்த செய்தி முஸ்லிமில் இருக்கிறது. நம் பாடம் அதுவே.

அறைக்குள் போய்த் தரையில் அமருங்கள். நின்றிருக்கும் மனிதன் பூனைக்கு மலைபோலத் தெரிவான். அதைப் பாராமல் உங்கள் வேலையைச் செய்யுங்கள். அங்கேயே அமர்ந்து மெல்லிய குரலில் குர்ஆன் ஓதலாம். பிள்ளை பாடம் படிக்கலாம். அதற்கு நம் குரலும் வாடையும் பழக வேண்டும், அவ்வளவே. நாளுக்கு மூன்று நான்கு முறை, பத்துப் பதினைந்து நிமிடம் போதும்.

அதன் கண்ணை உற்று நோக்காதீர்கள். பூனைகளிடையே உற்று நோக்குவது சண்டைக்கு அழைப்பு. அது உங்களைப் பார்க்கும்போது இமைகளை மெதுவாகச் சுருக்கி மூடித் திறங்கள். இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட ஆய்வின்படி, இவ்வாறு செய்தால் பூனைகளும் பதிலுக்குக் கண்ணைச் சுருக்குகின்றன. இப்படிக் கண் சிமிட்டிய அந்நியரின் நீட்டிய கையை நாடியும் வருகின்றன.

அது நெருங்கினால் மடக்கிய விரலை அதன் மூக்குக்கு எட்டும் தூரத்தில் நீட்டுங்கள். முகர்ந்து கன்னத்தை உரசினால் அதுவே அனுமதி. கன்னத்தையும் தாடையின் கீழும் மெல்லத் தடவுங்கள். வயிற்றைத் தொட வேண்டாம். காதை மடக்கினாலோ வாலை விசிறினாலோ கையை எடுத்துவிடுங்கள்.

பிள்ளைகளுக்கு இது ஒரு மதரஸா. துரத்தக் கூடாது, வாலைப் பிடிக்கக் கூடாது, உறங்கும்போது எழுப்பக் கூடாது என்ற மூன்று சட்டங்களை அவர்களுக்குச் சொல்லுங்கள். உணவு வைக்கும் பொறுப்பை மூத்த பிள்ளையிடம் கொடுங்கள். தன்னைவிட எளிய உயிர் ஒன்று தன்னைக் கண்டு அஞ்சக் கூடாது என்று பாடுபடும் பிள்ளை, நாளை தன் வீட்டாரிடமும் வேலையாட்களிடமும் மென்மையாக நடந்துகொள்ளும்.

அவசரம் வேண்டாம்

மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம் என்று அனுபவசாலிகள் ஒரு தோராயக் கணக்கு வைத்திருக்கிறார்கள். முதல் மூன்று நாள் திகைப்பு. மூன்று வாரத்தில் வீட்டின் ஒழுங்கு புரியும். மூன்று மாதத்தில் இது தன் வீடு என்ற எண்ணம் வரும். சில பூனைகளுக்கு இன்னும் நீளும். கூச்ச சுபாவமுள்ள மனிதர்கள் இருப்பதுபோல் கூச்ச சுபாவமுள்ள பூனைகளும் உண்டு. அவை கடைசி வரை மடியில் ஏறாமல் போகலாம். மடியில் ஏறுவது அதன் கடமையன்று. பாதுகாப்பது நம் கடமை.

அறைக்குள் நிம்மதியாக உண்டு, உறங்கி, உலாவத் தொடங்கிய பின் கதவைச் சற்றே திறந்து வையுங்கள். வீடு அமைதியாக இருக்கும் நேரத்தில் அதுவாக வந்து பார்க்கட்டும். ஓடி ஒளிய அந்த அறை திறந்தே இருக்கட்டும். சில வாரங்களுக்கு வீட்டை விட்டு வெளியே விடாதீர்கள். வழி தெரியாமல் தொலைந்துவிடும். மாடி வீடுகளில் ஜன்னலுக்கும் பால்கனிக்கும் வலை அடியுங்கள்.

நோன்புக் காலத்தில் ஸஹர் நேரத்துப் பாத்திரச் சத்தமும், பெருநாளன்று திரளும் உறவினரும், ஹஜ்ஜுப் பெருநாளுக்காக வீட்டில் கட்டும் ஆடும், தீபாவளிப் பட்டாசும் புதுப் பூனையைக் கலங்கடிக்கும். அந்த நாட்களில் அதன் அறையை மூடி, விருந்தினரை உள்ளே விடாமல் பாருங்கள். புதிதாகப் பூனை கொண்டுவருவதற்கும் இந்த நாட்களைத் தவிர்த்து விடுங்கள்.

தூய்மை பற்றிய மஸ்அலா

"பூனை நடமாடினால் தொழுகை கூடுமா?" என்று தாய்மார்கள் கேட்பதுண்டு. அபூகதாதா (ரலி) அவர்கள் உளூச் செய்யத் தம் மருமகள் கப்ஷா தண்ணீர் வைத்தார். அங்கே வந்த பூனை குடிப்பதற்காக அபூகதாதா பாத்திரத்தைச் சாய்த்துக் கொடுத்தார்கள். மருமகள் வியந்து பார்த்ததும், பூனை அசுத்தமானதல்ல, அது நம்மைச் சுற்றிச் சுற்றி வரும் வீட்டாரைப் போன்றது என்று நாயகம் (ஸல்) அவர்கள் கூறியிருப்பதை எடுத்துரைத்தார்கள். அபூதாவூத், திர்மிதி உள்ளிட்ட நூல்களில் இது பதிவாகியுள்ளது.

ஆகவே பூனை வாய் வைத்த தண்ணீர் ஷாஃபிஈ மத்ஹபில் தூய்மையானது; ஹனஃபி மத்ஹபில் வேறு தண்ணீர் இருக்கும்போது அதைப் பயன்படுத்துவது இலேசான மக்ரூஹ். உதிர்ந்த முடியைப் பொறுத்தவரை ஹனஃபியில் அது நஜீஸ் அல்ல. ஷாஃபிஈயில் சிறிதளவு மன்னிக்கப்படும். ஆனால் அதன் சிறுநீரும் மலமும் எல்லோரிடத்திலும் நஜீஸே. ஆகவே மணல் தட்டைத் தொழும் இடத்திற்கு அப்பால் வையுங்கள். முஸல்லாவை மடித்து வையுங்கள்.

நோயும் மருத்துவமும்

வந்த முதல் வாரத்திலேயே, அச்சம் சற்றுத் தணிந்ததும், மருத்துவரிடம் காட்டுங்கள். அரசு கால்நடை மருத்துவமனைகள் நம் ஊர்களில் உள்ளன. நாமக்கல்லிலும் உடுமலைப்பேட்டையிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகளே உள்ளன. குடற்புழு நீக்க மருந்தும், எட்டு வார வயதிலிருந்து பூனைகளுக்கான தடுப்பூசியும், மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசியும் அவசியம். மறுதவணைகளை மருத்துவர் சொல்லும் நாளில் போட்டுவிடுங்கள்.

நமக்கான காய்ச்சல் மாத்திரை பாராசிட்டமாலைப் பூனைக்கு ஒருபோதும் கொடுக்காதீர்கள். ஒரு மாத்திரையே உயிரைக் குடிக்கும். நாய்களுக்கான உண்ணி மருந்துகள் சிலவும் பூனைக்கு விஷம். ஆண் பூனை மணல் தட்டில் மீண்டும் மீண்டும் அமர்ந்து முக்கியும் சிறுநீர் வராவிட்டால் அன்றே மருத்துவரிடம் ஓடுங்கள். நாளை என்று தள்ளினால் உயிர் தங்காது.

அஞ்சிய பூனை கடித்தாலோ பிறாண்டினாலோ காயத்தை ஓடும் நீரில் சோப்பிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, உடனே அரசு மருத்துவமனைக்குச் சென்று வெறிநோய்த் தடுப்பூசி பற்றிக் கேளுங்கள். மஞ்சள் பூசிவிட்டு இருந்துவிடாதீர்கள். கர்ப்பிணிகள் மணல் தட்டைச் சுத்தம் செய்ய வேண்டாம். பூனை மலத்தில் வரக்கூடிய ஒரு நுண்கிருமி கருவைப் பாதிக்கலாம். அது தொற்றும் நிலையை அடைய ஒரு நாளாவது ஆகும் என்பதால் மற்றவர் அன்றாடம் அள்ளிவிட்டால் ஆபத்து வெகுவாகக் குறையும். இதற்காகப் பூனையை விரட்டத் தேவையில்லை.

கருத்தடை அறுவை பற்றியும் கேட்கிறார்கள். பயன் கருதியோ தீங்கைத் தடுக்கவோ பூனைக்கு ஆண்மை நீக்கம் செய்வதை ஹனஃபி ஃபிக்ஹு நூல்கள் அனுமதிக்கின்றன. இதில் கருத்து வேறுபாடும் உண்டு. உங்கள் மத்ஹபின் ஆலிமிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள். பிறக்கும் குட்டிகளைச் சாக்கில் கட்டித் தெருவில் எறிவது எந்த மத்ஹபிலும் கூடாது என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு இல்லை.

இயலாவிட்டால்?

மனப்பூர்வமாக முயன்றும் இயலாமல் போகலாம். வீட்டில் ஒருவருக்குக் கடும் ஒவ்வாமை இருக்கலாம். வாடகை வீட்டுக்காரர் மறுக்கலாம். அப்போதும் வழி உண்டு. எங்கிருந்து பெற்றீர்களோ அவரிடமே திருப்பிக் கொடுங்கள். அல்லது அமைதியான, குழந்தைகள் குறைந்த ஒரு வீட்டைத் தேடி, அதன் சுபாவத்தை மறைக்காமல் சொல்லி ஒப்படையுங்கள். பிராணிநல அமைப்பைக் கேளுங்கள். அமானிதத்தை உரியவரிடம் சேர்ப்பது வேறு, தெருவில் எறிவது வேறு.

கட்டிலுக்கு அடியில் ஒளிந்திருக்கும் அந்தப் பூனைக்கு நம்மிடம் முறையிட வாயில்லை. நம்மைப் பற்றி முறையிட அதற்கு ரப்பு இருக்கிறான். தாகித்த நாய்க்கு நீர் புகட்டியவரை மன்னித்தவனும் அவனே. பூனையைப் பட்டினி போட்டவளைப் பிடித்தவனும் அவனே. இரவில் ஒரு கிண்ணம் தண்ணீரும் ஒரு தட்டு உணவும் வைத்துவிட்டு, ஓசைப்படாமல் கதவைச் சாத்தி வரும் அந்தச் சிறிய செயலிலும் கூலி உண்டு என்று நம்புவோமாக.

படைப்புகள் அனைத்தின் மீதும் இரக்கம் காட்டி, நம்மை நம்பி ஒப்படைக்கப்பட்ட உயிர்களின் கடமையை நிறைவேற்றும் நன்மக்களாக வல்ல அல்லாஹ் நம்மையும் நம் பிள்ளைகளையும் ஆக்கியருள்வானாக! ஆமீன்.